வெட்டிய காட்டிலிருந்து ஓடைவழி போனவை: ஹப்பர்ட் புரூக் இரண்டாம் நீர்ப்பிடிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மலைத்தொடரின் மடியில், ஹப்பர்ட் புரூக் என்னும் ஓடை பாயும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்நாட்டு வனத்துறை 1955இல் அதனை ஆய்வுக் காடாக ஒதுக்கியது. தொடக்கத்தில் அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் நீரைப் பற்றியவை மட்டுமே: காட்டை எவ்விதம் கையாண்டால் ஓடையில் எவ்வளவு நீர் வரும், வெள்ளம் எப்படிக் கூடும் அல்லது குறையும் என்பவை. அதற்காக மலைச்சரிவில் அடுத்தடுத்து அமைந்த சிறு நீர்ப்பிடிப்புகள் (பெய்யும் நீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்புகள்) பலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் அடிவாரத்திலும், நம் ஏரிக் கலிங்கைப் போன்ற ஒரு கான்கிரீட் தடுப்பைக் கட்டினார்கள். அதன் நடுவே ஆங்கில வி எழுத்தின் வடிவில் கூர்மையாக ஒரு வெட்டு இருக்கும். ஓடை நீர் முழுவதும் அந்த வெட்டின் வழியாகவே வழிய வேண்டும் என்பதால், நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

காடு சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச் ஆகிய இலையுதிர் மரங்களால் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஒருமுறை மரம் வெட்டப்பட்டு, பிறகு தானாக வளர்ந்து நின்ற காடு அது. மண் அமிலத்தன்மை மிக்கது. பனியாறுகள் விட்டுச் சென்ற கல்லும் மணலும் கலந்தது. அதன் அடியில் நீர் எளிதில் ஊடுருவாத பாறை இருக்கிறது. இந்தப் பாறையைப் பற்றிய குறிப்பைப் படிப்பவர் கடந்து போய்விடக் கூடாது. பின்னால் வரும் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

1963இல் நால்வர் சேர்ந்து அங்கே ஒரு புதிய பணியைத் தொடங்கினார்கள். ஒருவர் தாவரச் சூழலியலாளர், ஒருவர் நன்னீர் நிலைகளை ஆய்ந்தவர், ஒருவர் புவி வேதியியல் அறிந்தவர், நான்காமவர் வனத்துறையைச் சேர்ந்த மண்ணியலாளர். காட்டுக்குள் சத்துகள் எப்படிச் சுழல்கின்றன என்பதை அளக்க முடியாமல் அதுவரை அறிவியல் திணறியதற்கு ஒரு காரணம் உண்டு: எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்ற எல்லை இல்லை. ஒரு மரத்தின் வேரடியில் இருக்கும் கால்சியம் அடுத்த மாதம் எங்கே இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நீர்ப்பிடிப்பையே எல்லையாகக் கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதே அவர்கள் கண்ட வழி. மேலிருந்து வருபவை மழையிலும் பனியிலும் வரும். அடிப்பாறை ஒழுகாததால் வெளியேறுபவை அந்த வி வெட்டின் வழியாகவே போயாக வேண்டும். வரவையும் செலவையும் ஒவ்வொரு வாரமும் சோதித்தால், நடுவில் காடு என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

தொந்தரவு செய்யப்படாத காட்டில் கண்டவை

முதல் ஆண்டுகளின் கணக்கே வியப்பூட்டியது. மழையும் பனியும் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 6.5 கிலோ தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைக், கொண்டுவந்தன; ஓடை கொண்டுபோனது சுமார் 4 கிலோ மட்டுமே. அதே நேரத்தில், காட்டுக்குள் மரங்கள் மண்ணிலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக்கொண்ட தழைச்சத்து ஹெக்டேருக்குச் சுமார் 80 கிலோ என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அவ்வளவு பெரிய சுழற்சி உள்ளே நடக்க, வாசலில் சிந்துவது 4 கிலோதான். இலையாக உதிர்ந்து, மக்கி, மீண்டும் வேருக்குள் ஏறி, மீண்டும் இலையாகும் அந்தச் சுற்றில் ஒழுகல் அத்தனை குறைவு.

கால்சியத்தின் கதை சற்று வேறு. மழையில் ஹெக்டேருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது, ஓடையில் 14 கிலோ அளவில் போனது. பாறையும் கனிமங்களும் மெதுவாகச் சிதைந்து வெளியிடும் புதுக் கால்சியம் இந்த இடைவெளியை ஈடுகட்டியது.

தழைச்சத்து நீரில் கரைந்து போகும் வடிவமான நைட்ரேட்டின் அளவு பருவத்தோடு ஏறி இறங்கியதும் பதிவாகியிருந்தது. குளிர்காலத்திலும் பனி உருகும் நாள்களிலும் ஓடை நீரில் நைட்ரேட் சற்று உயரும். மே மாதம் துளிர் விடத் தொடங்கியதும் அது சட்டென்று இறங்கி, கோடை முழுவதும் ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையில் கிடக்கும். மரங்கள் விழித்திருக்கும் காலத்தில் ஓடைக்குச் சத்து போவதில்லை. இந்தக் கோடை இறக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் 1966 ஜூன் மாதத்தில் நடந்தது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

காடு சத்துகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது கணக்கில் தெரிந்தது. எது பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரியவில்லை. மண்ணிலுள்ள களியும் மக்கும் தாமாகவே பற்றிக்கொள்கின்றனவா, அல்லது உயிருள்ள மரங்களின் உறிஞ்சல்தான் அந்தப் பிடியா? வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. உறிஞ்சலை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதனால் இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பைத் தேர்ந்தார்கள். அதன் பரப்பு 15.6 ஹெக்டேர். அருகில் தொடாமல் விடப்பட்ட ஆறாம் நீர்ப்பிடிப்பு ஒப்பீட்டுக்கு நின்றது. 1965 நவம்பர், டிசம்பர் மாதங்களில், இரண்டாம் நீர்ப்பிடிப்பிலிருந்த எல்லா மரங்களையும் இளங்கன்றுகளையும் புதர்களையும் வெட்டினார்கள். வெட்டியவற்றில் ஒரு கட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை. பாதை போடவில்லை, இழுவை வண்டி ஏற்றவில்லை. கிளைகளைத் தறித்து, எதுவும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு மேல் நிற்காதபடி விழுந்த இடத்திலேயே படுக்கப் போட்டார்கள்.

இது மர வியாபாரத்துக்கான வெட்டு இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தை எடுத்துக்கொண்டு போனால் அதிலுள்ள சத்தும் போய்விடும். பாதை போட்டால் மண் அரிக்கும். பிறகு ஓடையில் எது மாறினாலும் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. சத்து முழுவதையும் உள்ளேயே வைத்து, வேரின் உறிஞ்சலை மட்டும் நீக்குவது அவர்கள் நோக்கம். ஆனால் வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்க்கும், மண்ணில் உறங்கும் விதைகள் முளைக்கும். அதைத் தடுக்க, 1966 ஜூன் மாதம் புரோமசில் என்ற களைக்கொல்லியை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். 1967, 1968 கோடைகளில் 2,4,5-டி என்ற மற்றொரு களைக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு முழு நீர்ப்பிடிப்பை இப்படி மொட்டையாக்குவது கடுமையான செயல். காட்டை நேசித்தவர்களே அதைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது, அந்த முடிவின் கனம் புரிகிறது. சிறு தொட்டியிலோ சில சதுர மீட்டர் பாத்தியிலோ செய்து பார்த்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பாத்தியில் ஓடை இல்லை, பனி உருகலின் பெருக்கு இல்லை, சரிவின் மேலிருந்து கீழ்வரை நீர் மண்ணுக்குள் நடக்கும் நடை இல்லை. முழுமையாக அளக்க முழு நீர்ப்பிடிப்பு தேவைப்பட்டது.

1966 ஜூன் 7

முதல் குளிர்காலம் அமைதியாகக் கழிந்தது. பனி உருகியபோதும் ஓடை நீரின் வேதியல் பெரிதாக மாறவில்லை. வெட்டி ஐந்து மாதங்கள் ஆகியும் பெரிய வேறுபாடு இல்லை என்று அப்போது யாரேனும் முடிவு கட்டியிருந்தால் அது தவறாகப் போயிருக்கும்.

ஜூன் 7ஆம் நாளிலிருந்து நைட்ரேட் செங்குத்தாக ஏறத் தொடங்கியது. அருகிலிருந்த ஆறாம் நீர்ப்பிடிப்பில் வழக்கம்போல் கோடை இறக்கம் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், இங்கே வரைபடத்தின் கோடு எதிர்த்திசையில் போனது. களைக்கொல்லி தெளிக்கப்பட்டது அதற்கு 16 நாள்களுக்குப் பிறகுதான். இந்த 16 நாள்கள் இந்த நிகழ்வின் மிக மதிப்புவாய்ந்த பதிவு என்று நான் கருதுகிறேன். பின்னாளில், இதெல்லாம் களைக்கொல்லியால் வந்த விளைவு என்று சிலர் சொன்னபோது, தேதியே அதற்கு விடையாக இருந்தது. வாரந்தோறும் நீர் எடுக்கும் ஒழுங்கு ஒரு வாரம் தவறியிருந்தாலும் இந்தச் சான்று மங்கிப்போயிருக்கும்.

வெட்டுக்கு முன் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்றிருந்த நைட்ரேட், இரண்டு ஆண்டுகளில் 53 மில்லிகிராம் என்ற சராசரியை எட்டியது. காடு இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால் முதல் ஆண்டில் 41 மடங்கு, இரண்டாம் ஆண்டில் 56 மடங்கு. குடிநீருக்கு அந்நாட்டில் அப்போது வகுத்திருந்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். இந்தியத் தர நிறுவனம் இன்று வகுத்திருக்கும் வரம்பும் அதுவே. மலைமேல், எந்த வயலும் எந்த ஊரும் இல்லாத ஓரிடத்தில் பிறந்த ஓடை, ஏறக்குறைய இடைவிடாமல் அந்த வரம்பைத் தாண்டி ஓடியது.

நைட்ரேட்டோடு மற்றவையும் சேர்ந்து போயின. இரண்டு ஆண்டுகளில் கால்சியத்தின் செறிவு 417 விழுக்காடும், மக்னீசியத்தின் செறிவு 408 விழுக்காடும், சோடியத்தின் செறிவு 177 விழுக்காடும் கூடின. சாம்பல்சத்தின், அதாவது பொட்டாசியத்தின், செறிவு 1,558 விழுக்காடு கூடியது. நீரில் மின்னேற்றத்தோடு கரைந்திருக்கும் முக்கிய அயனிகளில் சல்பேட் ஒன்றுதான் குறைந்தது. ஓடை நீரின் பிஎச் (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.1இலிருந்து 4.3 ஆக இறங்கியது.

நீரும் கூடியது. இலைகள் இல்லாததால் ஆவியாகி மேலே போக வேண்டிய நீர் கீழே இறங்கியது: முதல் ஆண்டில் 39 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 28 விழுக்காடு அதிக ஓட்டம். அதன் பெரும்பகுதி கோடை மாதங்களில் வந்தது.

செறிவையும் நீரின் அளவையும் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். 1967-68ஆம் ஆண்டில் மட்டும், வரவைக் கழித்துப் பார்த்தால், ஹெக்டேருக்குச் சுமார் 142 கிலோ தழைச்சத்து நைட்ரேட்டாக வெளியேறியது. கால்சியம் 90 கிலோ, சாம்பல்சத்து 36 கிலோ. தொடாத நீர்ப்பிடிப்பில் கால்சியத்தின் நிகர இழப்பு 9 கிலோ அளவில்தான் இருந்தது. 142 கிலோ தழைச்சத்து என்பதை உழவர் மொழியில் சொன்னால், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 7 மூட்டை யூரியா. யாரும் போடாத உரம், யாருக்கும் பயன்படாமல், ஒரே ஆண்டில் வி வெட்டின் வழியாக வழிந்து போனது.

காரணத்தைப் பின்தொடர்ந்தது

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? வெட்டிய கட்டைகள் இன்னும் கிடந்தன. அவை அத்தனை விரைவில் மக்கிவிடவில்லை. இழப்பின் பெரும்பங்கு மண்ணிலிருந்தே வந்தது.

காட்டுத் தரையில் எப்போதும் மக்கல் நடக்கிறது. மக்கும்போது கரிமப் பொருளில் கட்டுண்டிருந்த தழைச்சத்து அம்மோனியமாக வெளிவரும். நேர் மின்னேற்றம் கொண்ட அம்மோனியத்தைக் களியும் மக்கும் பற்றிக்கொள்ளும். மீதியை வேர்களும் அவற்றோடு வாழும் பூஞ்சைகளும் எடுத்துக்கொள்ளும். வேர்கள் செத்தபின் அம்மோனியம் தேங்கியது. நிலம் வெயிலில் சூடேறியது, ஈரமும் குறையவில்லை, மக்கல் விரைந்தது. தேங்கிய அம்மோனியத்தை உண்டு வாழும் நைட்ரோசோமோனாஸ், அது ஆக்கித் தரும் நைட்ரைட்டை உண்டு வாழும் நைட்ரோபாக்டர் என்ற இரு பாக்டீரியக் கூட்டங்கள் பெருகின. மண்ணை எடுத்து எண்ணிப் பார்த்தபோது முதல் வகை 18 மடங்கும் இரண்டாவது 34 மடங்கும் கூடியிருந்தன.

இந்தப் பாக்டீரியங்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் ஒவ்வோர் அம்மோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படும். அமிலம் என்பது அதுதான். களியிலும் மக்கிலும் ஒட்டியிருந்த கால்சியம், மக்னீசியம், சாம்பல்சத்து ஆகியவற்றை இந்த ஹைட்ரஜன் இடம்பெயர்த்து மண்நீருக்குள் தள்ளிவிடுகிறது. நைட்ரேட்டோ எதிர் மின்னேற்றம் உடையது; அந்த மண்ணில் அதைப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை. அது நீரோடு நடக்கும்போது, மின்னேற்றம் சமனாக வேண்டும் என்பதால், பெயர்ந்து கிடக்கும் கால்சியத்தையும் சாம்பல்சத்தையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தழைச்சத்து; கால்சியமும் சாம்பல்சத்தும் அதன் பின்னால் கோத்து இழுக்கப்பட்டவை. நம் வயல்களில் அம்மோனிய வகை உரம் தொடர்ந்து போட்டு மண் புளித்துப்போவதும் இதே வினைதான் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தப் பகுதி புதிதாக இருக்காது.

ஒரு விளக்கத்தை இங்கே திருத்திச் சொல்ல வேண்டும். உயிருள்ள காடு ஏதோ பொருள்களைச் சுரந்து நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியங்களை அடக்கி வைத்திருந்தது, வெட்டியதும் அந்தத் தடை நீங்கியது என்று ஆய்வாளர்கள் முதலில் கருதினார்கள். பின்னர் 19 காட்டிடங்களில் சிறு பாத்திகளைச் சுற்றி அகழி வெட்டி, வேர்களை மட்டும் துண்டித்து ஓர் ஆய்வு நடந்தது. 1979இல் வெளியான அதன் முடிவுகள் வேறு பக்கம் சுட்டின. சில இடங்களில் நைட்ரேட் உடனே வழிந்தது, சிலவற்றில் மாதக்கணக்கில் வரவேயில்லை. மண்ணில் தழைச்சத்து எவ்வளவு செழிப்பாக வெளிவருகிறது, நுண்ணுயிர்கள் அதில் எவ்வளவை மீண்டும் தம் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன, வேர்கள் எவ்வளவு போட்டியிடுகின்றன என்பவற்றைக் கொண்டே அதை விளக்க முடிந்தது. தனியான அடக்குமுறை ஒன்று இருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. முதல் அளவீடு சரியாக இருந்தபடியால், விளக்கம் மாறியபோதும் பதிவு மதிப்பிழக்கவில்லை.

ஓடைக்குள் நடந்தது

வெயில் நேராக விழுந்ததால் கோடையில் ஓடை நீர் 1 முதல் 5 பாகை செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறியது. நைட்ரேட், வெளிச்சம், வெதுவெதுப்பு மூன்றும் சேர்ந்ததும், முன்பு கற்கள் பளிச்சென்று தெரிந்த ஓடையில் பச்சைப் பாசி அடர்ந்து படர்ந்தது. நிழலடர்ந்த மலையோடையில் அதுவரை உணவு என்பது மேலிருந்து விழும் இலையே; இப்போது இலை இல்லை, பாசியே உணவு. காட்டின் இழப்பு ஓடையின் மிகையாக மாறியது. மேலே நடக்கும் ஒவ்வோர் ஒழுகலும் கீழே ஒரு வரவாக எழுதப்படுகிறது என்பதை அந்தப் பாசி கண்முன் காட்டியது.

மண் அரிப்பு மட்டும் உடனே கூடவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் துகள்களாக வெளியேறிய மண் குறைவாகவே இருந்தது. செத்த வேர்களும் இலைமக்கும் ஓடைக்குள் குறுக்கே கிடந்த கட்டைகளும் கரையைப் பிடித்து வைத்திருந்தன. அவை உளுத்துப்போன பிறகுதான் அரிப்பு எழுந்தது. கரைந்து போகும் இழப்பு முதலில், கண்ணுக்குத் தெரியும் இழப்பு பிறகு. கலங்கல் இல்லாத தெளிந்த நீரைப் பார்த்துக் காடு நலமாக இருக்கிறது என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மீண்டும் வளர விட்டபின்

1968க்குப் பிறகு களைக்கொல்லியை நிறுத்தினார்கள். 1969 கோடையிலிருந்து நிலம் தானாக மூடத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் மரம் வெட்டிய இடத்தில் முதலில் வருவது ராஸ்பெரிப் புதரும், ‘பின் செர்ரி’ (pin cherry) என்ற சிறு மரமும். பின் செர்ரியின் வாழ்க்கை சுவையானது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் போடும். விதை காட்டு மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மேலே மரக்கூரை மூடியிருக்கும்வரை அது கண் திறப்பதில்லை. கூரை விலகியதும் முளைத்து, மிக வேகமாக உயர்ந்து, மண்ணில் தேங்கும் சத்தை அள்ளி, முப்பது ஆண்டுகள் அளவில் வாழ்ந்து செத்து, மேப்பிளுக்கும் பீச்சுக்கும் இடம் விட்டுவிடும். வனப்பணியாளர்கள் களை என்று ஒதுக்கிய அந்த மரமே, ஒழுகும் காட்டை அடைக்கும் முதல் கையாக இருந்தது.

மூன்று கோடைகள் களைக்கொல்லி பட்டதால் இரண்டாம் நீர்ப்பிடிப்பில் மீட்சி, மற்ற வெட்டுக் காடுகளைவிட மெதுவாகவே நடந்தது. ஆனாலும் பச்சை திரும்பியதும் நைட்ரேட் இறங்கத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் தொடாத காட்டின் அளவை நெருங்கிவிட்டது. மரங்கள் முழு உயரம் பெறும்வரை அது காத்திருக்கவில்லை. உறிஞ்சும் வேரும் நிழல் தரும் இலையும் திரும்பியதே போதுமாக இருந்தது. கால்சியம் அவ்விதம் விரைந்து அடங்கவில்லை; அதன் இழப்பு நைட்ரேட் அடங்கிய பின்னும் நெடுங்காலம் சற்று உயர்ந்தே நின்றது.

வெளியே எழுந்த விவாதம்

முடிவுகள் 1968இலும் 1970இலும் வெளியானபோது, மலைக்காடுகளை மொத்தமாக வெட்டும் முறை பற்றி அந்நாட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வாக்குவாதத்தில் அவை எண்ணெய் வார்த்தன. எதிர்ப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக் காட்டினார்கள். ஆதரிப்பவர்கள், எந்த மர வியாபாரியும் மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்று மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருந்தது. அது எந்த அளவுக்கு நியாயம் என்று அறிய, ஒயிட் மலைகளில் வழக்கமாக வெட்டப்பட்ட இடங்களின் ஓடைகளையும் சோதித்தார்கள். அங்கேயும் நைட்ரேட் கூடியது. ஆனால் இரண்டாம் நீர்ப்பிடிப்பில் கண்ட அளவுக்கு இல்லை, சில ஆண்டுகளில் அடங்கியும் விட்டது.

அடுத்த முடிவுகள் இதிலிருந்தே பிறந்தன. நான்காம் நீர்ப்பிடிப்பில் 1970 தொடங்கி, ஓராண்டு விட்டு ஓராண்டாக, மூன்று முறைகளில் பட்டைபட்டையாக வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய பட்டையிலிருந்து கசிவதைக் கீழேயுள்ள வெட்டாத பட்டை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கவே அந்த ஏற்பாடு. ஐந்தாம் நீர்ப்பிடிப்பில் 1983-84இல் மரத்தைக் கிளையோடு முழுதாக வெளியே எடுத்து அளந்தார்கள்.

நீண்ட பதிவு காட்டிய இன்னொன்று

அதே கணக்குப் பேரேட்டிலிருந்துதான், யாரும் தேடாத வேறொரு செய்தியும் கிடைத்தது. 1963இல் முதலில் எடுத்த மழை நீரின் பிஎச் 3.7. தொலைவிலிருந்த ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் விட்ட கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அமில மழையாக இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் நீர்ப்பிடிப்பில் பாக்டீரியங்கள் ஓரிரு ஆண்டில் செய்த அதே வேலையை, அமில மழை எல்லா நீர்ப்பிடிப்புகளிலும் பல பத்தாண்டுகளாக மெதுவாகச் செய்துகொண்டிருந்தது: மண்ணின் கால்சியத்தைப் பெயர்த்து ஓடைக்கு அனுப்பியது.

1999 அக்டோபரில், முதலாம் நீர்ப்பிடிப்பில், வல்லஸ்டோனைட் என்ற கால்சியம் சிலிக்கேட் கனிமத்தை உருண்டையாக்கி ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் காடு என்ன செய்யும் என்பதே கேள்வி. சர்க்கரை மேப்பிள் தெளிந்தது. சிவப்பு ஸ்புரூஸ் மரங்களின் ஊசியிலைகளில் குளிர் சேதம் குறைந்தது. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், எதிர்பாராத விதமாக, அந்த ஓடையில் தழைச்சத்து வெளியேற்றம் பல மடங்கு உயர்ந்து, தழைச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்த நீர்ப்பிடிப்பு அதை இழக்கும் நீர்ப்பிடிப்பாக மாறியது. 2016இல் இது வெளியானது. ஒரு சத்தின் தட்டுப்பாடு நீங்கியதும், அதுவரை மண்ணில் பூட்டிக்கிடந்த இன்னொரு சத்தின் பூட்டு திறந்துகொண்டது. 1966இல் வேரை நீக்கித் திறந்த அதே பூட்டு, இம்முறை நலம் செய்யப் போன இடத்தில் திறந்தது.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

இன்று இந்த ஆய்வைச் செய்ய நேர்ந்தால், முதலில் களைக்கொல்லி கைவிடப்படும். 2,4,5-டி தயாரிப்பில் டையாக்சின் என்னும் கொடிய நச்சு கலந்திருந்தது என்பது பின்னர் உலகுக்கே தெரிந்த செய்தி. முளைப்பைத் தடுக்க வேண்டுமானால் ஆள் வைத்து வெட்டலாம், 15.6 ஹெக்டேர் சரிவில் அது கடினம், ஆனால் செய்ய முடியாதது இல்லை. பரப்பைக் குறைத்துக்கொண்டேனும் அப்படிச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது, ஒரே ஒரு நீர்ப்பிடிப்பை வெட்டியதும் ஒரே ஒரு நீர்ப்பிடிப்பை ஒப்பிட்டதும். பெரும் மாற்றம் நிகழ்ந்ததால் முடிவில் ஐயம் எழவில்லை. மாற்றம் சிறிதாக இருந்திருந்தால், அது வெட்டினால் வந்ததா, அந்த இடத்தின் இயல்பால் வந்ததா என்று சொல்ல இயலாமல் போயிருக்கும். வெட்டுக்கு முன்பே இரண்டு ஓடைகளையும் சேர்த்து அளந்திருந்ததே அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. எனவே, இத்தகைய பணியில் இறங்குபவர்கள், எதையும் தொடுவதற்கு முன்னுள்ள ஆண்டுகளைச் செலவாகக் கருதக் கூடாது.

மூன்றாவது, காற்றுவழி இழப்பு. மண்ணில் நைட்ரேட் மிகும்போது அதன் ஒரு பகுதியை வேறு பாக்டீரியங்கள் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றி மேலே அனுப்பும். வி வெட்டு அதை அளக்காது. ஓடையில் போன 142 கிலோ, போனவற்றின் முழுக் கணக்கு ஆகாது. அன்றைய கருவிகளால் முடியாத அந்த அளவீடு இன்று முடியும், தொடக்கத்திலிருந்தே அதைச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, இந்த எண்களை வேறு காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது பற்றி. நீலகிரிச் சோலைக்கோ ஆனைமலையின் மழைக்காட்டுக்கோ இவை பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே மழை சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது, மண் வேறு, அடிப்பாறையின் சிதைவு வேறு, ஆண்டு முழுவதும் இலை உண்டு. கொண்டுபோகத்தக்கது அளக்கும் முறையே: ஒழுகாத அடிப்பாறையுள்ள ஒரு சிறு நீர்ப்பிடிப்பு, அதன் வாயில் ஒரு சிறு கலிங்கு, மேலே மழைமானிகள், வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் நிரப்பப்படும் ஒரு புட்டி. ஹப்பர்ட் புரூக்கில் அந்தப் புட்டியை 1963இல் நிரப்பத் தொடங்கினார்கள், இன்றும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.